மெட்டடோர் வந்த வழி

எங்க வீட்டு முற்றத்தில் அயனி மரத்தடியில ஒரு மெட்டடோர் வேன் நிக்குது. 1994 மாடல். அருமனை பக்கம் வாறவங்க பார்த்திருப்பீங்க. "இது இப்பவும் ஓடுமா அண்ணே?" என்று கேட்காத ஆள் இல்ல. ஓடும். தினமும் ஓடுது. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கடைக்குப் போறது இதுல. வாழைக்குலை மார்த்தாண்டம் சந்தைக்குப் போறதும் இதுலதான். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட வேளாங்கண்ணி போயிட்டு வருவோம், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே. இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று பேரன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்க எழுதுறேன்.

நம்ம பக்கத்துக்கு டீசல் வண்டி வந்த கதை திருவிதாங்கூர் காலத்துல தொடங்குது. 1938 பிப்ரவரி 20-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்கிற வெள்ளைக்காரரை அதற்குப் பொறுப்பாகக் கொண்டுவந்தார்கள். பெர்கின்ஸ் டீசல் இயந்திரம் பூட்டிய 60 சேசிஸ் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. பாடி மட்டும் திருவனந்தபுரத்தில் கட்டினார்கள். இயந்திரம் சீமையிலிருந்து, கூடு நம்ம ஆளுக கையால. அந்தப் பழக்கம் இன்னும் நம்ம பக்கத்து ஒர்க்‌ஷாப்புல இருக்கு.

இனி மெட்டடோருக்கு வாறேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கத்தில் விடால் அண்ட் சோன் என்று ஒரு கம்பெனி. அவங்க வண்டிக்கு வச்ச பேருதான் டெம்போ. நம்ம ஊர்ல சின்ன லோடு வண்டி எதைப் பார்த்தாலும் "டெம்போ" என்கிறோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. அவங்க 1949-ல் மெட்டடோர் என்ற வேனை இறக்கினப்போ அதுக்குள்ள இருந்தது ஃபோக்ஸ்வேகன் காரோட இயந்திரம். மறு வருஷமே ஃபோக்ஸ்வேகன் சொந்தமா ஒரு வேன் இறக்கிவிட்டது. கொஞ்ச நாளில் இவங்களுக்கு இயந்திரம் குடுக்கிறதையும் நிறுத்திப்போட்டது. அந்த ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள்ள 1951-லிருந்து வெஸ்ட்ஃபாலியா கம்பெனி கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுத்ததுதான், பிறகு உலகம் முழுக்க வெள்ளைக்காரங்க படுத்து உறங்கிப் பயணம் போன கேம்பர் வேன். அப்படிப் பார்த்தா எங்க முற்றத்து வண்டி அதுக்குப் பங்காளி முறை ஆகும்.

இந்தியாவில் ஃபிரோதியா என்பவர் 1958-ல் பஜாஜ் டெம்போ கம்பெனியைத் தொடங்கினார். முதலில் ஹன்சீட் என்ற மூணு சக்கர வண்டி. 1969-ல் மெட்டடோர். ஜெர்மனியில் அந்தக் கம்பெனி ஹனோமாக் கைக்குப் போய், பிறகு மெர்செடஸ் கைக்குப் போய், எழுபதுகளிலேயே இந்த வேன் முடிந்துபோனது. புனே பக்கத்தில் 2000 வரைக்கும் செய்தார்கள். கம்பெனி பேரும் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆச்சு.

இந்த வண்டியோட விசேஷம் முன்சக்கர இழுவை. பின்னால போற ஷாஃப்ட் கிடையாது. அதனால தரை தாழ்வு, மட்டம். ஷீட்டுக் கட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினா போதும், உள்ளே தள்ளிவிடலாம். வயசான ஆளும் ஏறலாம். குறையும் அதுலதான் இருக்கு. பின்னால பாரம் கூடினா முன்சக்கரம் பிடி விடும். மழையில பத்துகாணி மேட்டுல சக்கரம் வெறுதே சுத்தினப்பதான் எனக்கு இது விளங்கிச்சு. இப்போ பாரத்தை எப்பவும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே அடுக்குறேன்.

நான் இதை 2009-ல் மூணாவது கையா வாங்கினேன். இயந்திரம் நல்ல இயந்திரம், ஒண்ணும் செய்யாது என்று எல்லாரும் சொன்னாங்க. நானும் எண்ணெய் மாத்துறதோட விட்டுட்டேன். மறு வருஷம் ஆடி மாசம், ராத்திரி ரெண்டு மணி. அப்பாவுக்கு மூச்சு முட்டல். வண்டியில படுக்க வச்சாச்சு, சாவியைத் திருப்புறேன், சுத்துது, பிடிக்கல. பேட்டரி இறங்குற வரைக்கும் சுத்தினேன். கடைசியில பக்கத்து வீட்டு ஜீப்பை எழுப்பிக் கொண்டுபோனோம். அரை மணி நேரம் போச்சு. அப்பா பிழைச்சார், நாலு மாசம் கூட இருந்தார். ஆனா அந்த அரை மணி நேரம் அவர் என் முகத்தையே பார்த்துட்டுக் கிடந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது.

காலையில ஆசான் வந்து பார்த்தார். டேங்கிலிருந்து பம்புக்கு வாற ரப்பர் குழாயில மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. டீசல் வெளியே சொட்டாது, காத்து உள்ளே போகும். ராத்திரி நிக்கிற நேரம் டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிடும். ஆசான் ஃபில்டர் மேல உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிச்சு, குமிழி நிக்கிற வரைக்கும் காத்தை வெளியேத்தினார். ஹீட்டர் பிளக்கையும் கழட்டிப் பார்த்தார். நாலுல ரெண்டு செத்துப் போயிருந்தது. ஹீட்டர் சூடாகாம இந்த வகை இயந்திரம் குளிருல பிடிக்காது.

"மக்கா, ஒனக்குத் தொழிலே ரப்பரு. வண்டிக்குள்ள கெடக்க ரப்பரை எப்பமாவது தொட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். பதில் இல்ல.

அன்னைக்கே அந்தக் குழாயை மாத்தினோம். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் ஹோஸ் எல்லாத்தையும் பிறகு ஒண்ணொண்ணா மாத்தினேன். கண்ணுக்கு நல்லா இருந்ததையும் விடல. பேட்டரி எர்த் ஒயர் சேசிஸில் சேருற இடத்தைச் சுரண்டி, கிரீஸ் வச்சு முறுக்கினோம். டயர் தேய்மானம் மட்டும் பார்த்தா போதாது, பக்கவாட்டில நாலு எண் இருக்கும்: முதல் ரெண்டும் வாரம், கடைசி ரெண்டும் வருஷம். என் ஸ்டெப்னியில 0301 என்று இருந்தது. ஒரு நாள் கூட ஓடாத டயர், கட்டை அவ்வளவு நல்லா இருந்தது, ஆனா விரலால அழுத்தினா வெடிப்பு தெரிஞ்சுது. துருதான் பெரிய பாடு. நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டே. தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வெல்டு பண்ணினோம். அதுக்கு மேல ரப்பர் தடிப் பலகையில ரெண்டு பெட்டி, பெட்டி மேல கயிற்று மெத்தை. பகல்ல மெத்தையைச் சுருட்டினா ஷீட்டு ஏத்தலாம். அடுப்பு எப்பவும் வெளியே இறக்கி வச்சுத்தான் பத்த வைப்போம், அதுல வீட்டுக்காரி கண்டிப்பு.

இப்போ ராத்திரி படுக்கப் போகும் முன்னே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் விளக்கை அணைப்பேன். வீட்டுல சிரிக்காங்க. சிரிக்கட்டும்.

வித்துடலாம் என்று மகன் சொல்லுகான். அவன் சொல்லுறதுலயும் ஞாயம் உண்டு. சொந்த வண்டிக்கு 15 வருஷம் கழிச்சு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க பதிவைப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆச்சு. 2024-ல் அதைக் கட்டினேன். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 10,000 ஆக்கிட்டாங்க. எனக்கு அடுத்த முறை 2029. புகை விடுற வண்டி ரோட்டை விட்டுப் போகணும் என்கிறது சர்க்கார் கணக்கு, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். என் வண்டி புகைச் சோதனையில இதுவரைக்கும் தோத்தது இல்ல.

இந்த வருஷம் வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு முன்னால இடது பக்க ஆக்சில் பூட் மாத்தணும், கிரீஸ் கசியத் தொடங்கியாச்சு. புதுசு கிடைக்கல. மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் யார்கிட்டயாவது பழைய மெட்டடோர் பிரிச்ச சாமான் கிடந்தா, பூட் வெடிக்காம இருந்தா, ஒரு வார்த்தை சொல்லுங்க.