உறியும் குதிரும் பனிக்கட்டியும்

கோயில் திருவமுதுக்கு எத்தனை நாழி அரிசி, எத்தனை ஆழாக்கு நெய் என்பதைக் கல்லிலே வெட்டி வைத்த சோழர் காலத்தார், அந்த அரிசியையும் நெய்யையும் தம் வீடுகளில் எவ்விதம் கெடாமல் காத்தார்கள் என்பதைக் கல்லில் ஏற்றத் தக்க செய்தியாகக் கருதவில்லை. ஆகவே அந்தக் கலையின் சரித்திரம் மண்பாண்டங்களிலும், மாதங்களை அநுசரித்து நடந்த வேலைகளிலும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வாய்மொழியாக வந்த கட்டளைகளிலுமே தங்கியிருக்கிறது. அவற்றை ஒருசேர வைத்து நோக்கினால், அன்றன்றைக்கு உண்ணத் தக்க பண்டத்தை அன்றே உண்டுவிட்டு, எஞ்சியதை வெயிலாலும் உப்பாலும் எண்ணெயாலும் வேறொரு பதார்த்தமாக மாற்றி வைப்பதே நம் அடுக்களையின் தர்மமாக இருந்தது என்பது புலப்படும்.

நெல்லிலிருந்து தொடங்குவது முறை. ஏணிக்கும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. நாயக்க மன்னர் காலத்தில் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் செங்கல்லால் எழுப்பிய பெருங்களஞ்சியத்தை இன்றும் காணலாம். வீடுகளில், களிமண்ணை உறை உறையாக வனைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிய குதிரும், மிராசுதார்களின் இல்லங்களில் பலகையால் இழைத்த பத்தாயமும் அந்தத் தொழிலைச் செய்தன. மேல்வாய் வழியே நெல்லைக் கொட்டி, அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே எடுத்தபடியால், முந்திப் போட்ட நெல்லே முந்தி வெளிவந்தது. இடையிடையே போட்ட வேப்பிலையும் நொச்சியிலையும் பூச்சிகளை அண்டவிடாமல் தடுத்தன. விதைநெல்லை வைக்கோற்புரியால் கோட்டையாகக் கட்டிச் சாணத்தால் மெழுகி, அடுத்த விதைப்புக் காலம் வரையில் காத்தார்கள். ஆனால் இவையெல்லாம் நிலமுடையார் வீட்டுச் செய்திகள். அந்த நெல்லைக் கூலிக்கு அறுத்தவனுடைய குடிசையில் மூலையிலிருந்த அடுக்குப் பானைகளே களஞ்சியம்.

பருப்பு வகைகளைக் காப்பது நெல்லைக் காப்பதைவிடக் கடினம். வண்டு பயற்றின் மேற்பரப்பில் முட்டையிட, அதிலிருந்து வெளிப்படும் புழு உள்ளே துளைத்துச் சென்றுவிடுகிறது. துவரையை நனைத்துச் செம்மண் குழம்பில் புரட்டி வெயிலில் காயவைக்கும் வழக்கமும், உடைத்த பருப்பின்மேல் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைக்கும் வழக்கமும் அந்த முட்டையைக் கருதி ஏற்பட்டவை. எண்ணெய் பூசிய பயற்றில் முட்டை பொரிவது அரிது என்று பிற்காலத்து விவசாய சாஸ்திரிகள் பரீட்சித்துக் கண்டதை, எழுத்தறியாத ஸ்திரீகள் அநுபவத்தினாலேயே அறிந்திருந்தார்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் மொட்டை மாடியும் முற்றமும் அடுக்களையின் அங்கங்களாகிவிடும். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை ஆகியவற்றை உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்தியும், பச்சைமிளகாயை மோர்மிளகாயாக்கியும், அரிசிக்கூழை வடாமாகப் பிழிந்தும், ஐப்பசி கார்த்திகையில் காய்கறி அரிதாகும் நாட்களுக்கு வேண்டியதைக் கோடையிலேயே தேடிக்கொண்டார்கள். கடற்கரையில் மீன் கருவாடாயிற்று. உள்நாட்டில் ஆட்டிறைச்சி உப்புக்கண்டமாயிற்று. உப்பு பண்டத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீர் குறைந்த இடத்தில் அழுகலை உண்டாக்கும் கிருமிகள் பெருக இயலாது. ஊறுகாயின்மேல் நிற்கும் எண்ணெய் காற்றையும் தடுத்துவிடுகிறது. ஊறுகாய் ஜாடியில் ஈரக்கை படலாகாது என்ற விதி இந்தக் காரணத்தினால் பிறந்தது. அதே ஜாடியை மாதவிலக்கான பெண் தொடலாகாது, இன்ன ஜாதியார் நெருங்கலாகாது என்ற விதிகளுக்கோ இத்தகைய காரணம் எதுவும் இல்லை. எனினும் இரண்டும் ஆசாரம் என்ற ஒரே பெயரில் வழங்கியமையால், அறிவு எது, அநீதி எது என்று பிரித்துப் பார்ப்பார் நெடுங்காலம் இல்லாமற்போயினர்.

நாளுக்கு நாள் கெடும் பண்டங்களுக்கு உறியே புகலிடம். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல், காற்று நாற்புறமும் உலவும்படி, பாலும் தயிரும் வெண்ணெயும் அந்தரத்தில் தொங்கின. வெற்றிலையை ஈரத்துணியிலும், இஞ்சியை ஈரமணலிலும் வைத்தார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, இரவில் அது கெடுவதற்குப் பதிலாகப் புளிக்கும்படி செய்து, விடியற்காலையில் உண்டார்கள்.

பனிக்கட்டியின் குளிர்ச்சியினால் பண்டங்களைக் காப்பது என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குக் கப்பலில் வந்தது. பாஸ்டன் நகரத்து வர்த்தகராகிய பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூள் பொதிந்து, உஷ்ண தேசங்களுக்கு அனுப்பி விற்றவர். 1833ஆம் ஆண்டில் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டு, நான்கு மாதப் பிரயாணத்தில் கரைந்தது போக ஏறக்குறைய 100 டன்னைக் கொண்டுவந்து சேர்த்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அந்த வியாபாரத்தின் பண்டகசாலையே. அங்கே விலைக்கு வந்த பனிக்கட்டி துரைமார்களின் பானங்களைக் குளிரச் செய்ததேயன்றி, திருவல்லிக்கேணி வீடுகளின் உறியை அசைக்கவில்லை. யந்திரத்தினால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அந்த வியாபாரம் க்ஷீணித்தது. 1897இல் விவேகானந்தர் அந்தக் கட்டிடத்தில் தங்கிய காலத்தில் அது ஒரு தனவந்தரின் மாளிகையாகிவிட்டிருந்தது.

கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் இந்நாட்டில் குளிர்பதனப் பெட்டியைச் செய்யத் தொடங்கிய பின்னரும், அது நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அது நம் உணவில் உண்டாக்கிய பெரிய மாறுதல் இட்லி மாவிலே தெரிகிறது. அரைத்த மாவு மறுநாளைக்குள் புளித்துப்போகும் என்பதனால் பல இல்லங்களில் விசேஷ நாட்களுக்கும் விருந்தினருக்கும் உரியதாயிருந்த பலகாரம், மாவை நாலைந்து நாள் வைத்திருக்க முடிந்ததும் நித்திய உணவாயிற்று. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்குக் கிடைத்த விடுதலையில் இந்தப் பெட்டிக்கும் பங்குண்டு. ஆனால் அதே பெட்டிக்குள் இன்று பருப்பும் புளியும் மிளகாய்ப்பொடியும் வற்றலும் இடம்பிடித்திருக்கின்றன. ஈரமில்லாத டப்பாவும் இறுக்கமான மூடியும் ஆண்டுக்கு ஓரிரு முறை வெயிலும் இருந்தால் தாமே பிழைத்திருக்கும் பண்டங்கள் அவை. எதற்குக் குளிர்ச்சி வேண்டும், எதற்கு வறட்சி போதும் என்ற விவேகம் இருப்பவர்க்குப் பெட்டி சிறியதாயிருந்தாலும் போதும்; அந்த விவேகம் இல்லாதவர்க்கு எவ்வளவு பெரிய பெட்டியிலும் இடம் போதாது.