‘ஆர்’ மொழி பொதுச்சொத்தான வரலாறு

புள்ளியியல் ஆய்வில் இன்று பரவலாகக் கையாளப்படும் ‘ஆர்’ மொழியை, 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கினர். சூரிக்கைச் சேர்ந்த மார்ட்டின் மெக்லரின் இடையறாத வற்புறுத்தலால், 1995 ஜூனில் அதன் மூலநிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியாயிற்று.

1996 மார்ச்சில் சோதனையாளர்களுக்கென ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அது அறிவிப்பு, பயனர் உதவி, நிரலாக்கம் என மூன்றாகப் பிரிந்தது. பயனர்கள் பிழைகளைச் சுட்டினர். சிலர் திருத்தங்களையும் அனுப்பினர். அவற்றைக் கையாள இருவரால் இயலாத நிலை வந்தபோது, 1997இன் நடுப்பகுதியில், மூலநிரலை மாற்றும் உரிமை பெற்ற மையக்குழு அமைந்தது. 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வெளிவந்தது.

உரிமம் மூலநிரலைத் திறந்துவைத்தது. கேட்கவும் விடையளிக்கவும் அமைந்த இடமே பயனர்களை அதன் காவலர்களாக்கியது. நம் துறைகள் பலவற்றிலோ கணினியில் மென்பொருளை நிறுவியதோடு பணி முடிந்துவிடுகிறது; பிழைச்செய்தியின் முன் ஆய்வு மாணவர் தனித்து நிற்கிறார். வாரம் ஒருமுறை பத்துப் பேர் கூடி ஐயங்களைப் பகிர்ந்துகொள்ள நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு வகுப்பறையும், ‘எனக்கு இது புரியவில்லை’ என்று முதலில் சொல்லும் ஒருவரும் போதும்.