தோட்டத்து வாக்கும் அஞ்சல் உறையும்

'வாக்கு' என்னும் நம் சொல் முதலில் வாய்மொழியையே குறித்தது. தேர்தல் பொருள் பின்னர் வந்தது. சொன்னவர் செல்லாத இடத்திற்கு அவர் சொல்லைச் சுமந்து செல்வது கடிதம். வாக்காளர் செல்லாத இடத்திற்கு வாக்கைச் சுமந்து செல்வது அஞ்சல் உறை. அவ்வுறை யார் கைக்கு எட்டியது என்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து நோக்குவோம்.

போர்ட்டிக்சன் வட்டாரத்தில் தோட்டங்களும் படைமுகாம்களும் உள்ளன. நெடுங்காலம் படைவீரர் அஞ்சல்வழி வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளர் வாக்குச்சாவடிக்கு நேரில் சென்றனர். 2013 பொதுத்தேர்தலில் அயல்நாடு வாழ் மலேசியர்க்கும் அவ்வுரிமை விரிந்தது. ஆயினும் பிழைப்புத் தேடி நம்மவர் பலர் சென்ற சிங்கப்பூர் அன்று விலக்கப்பட்டது. 2022 ஜொகூர் தேர்தலிலேதான் அங்குள்ளோருக்கு அது வாய்த்தது.

உரிமை கிடைத்தாலும் உறை உரிய காலத்தில் வந்து சேர வேண்டும். 2018 மே 9 தேர்தலில் வாக்குச்சீட்டுகள் தாமதமாகக் கிடைத்தமையால், அயல்நாட்டிலிருந்தோர் பலர் தாயகம் திரும்பும் முன்பின் அறியாத பயணிகளிடம் தம் உறைகளை ஒப்படைத்தனர். முறையும் நுட்பமானது: சீட்டு ஓர் உறையினுள், அவ்வுறையும், வாக்காளரும் சாட்சியும் ஒப்பமிட்ட அடையாள உறுதிமொழிப் படிவமும் மற்றோர் உறையினுள். ஓர் ஒப்பம் விடுபட்டால் வாக்கே வீணாகலாம்.

ஊராட்சி நிலையில் அஞ்சலுக்கே இடமில்லை. ஒருகாலத்தில் சிரம்பான் நகர மன்றத்திற்கும் மக்கள் வாக்களித்தனர். 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் அவை தொடரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ அவற்றை முடித்துவைத்தது. இன்று இலண்டனிலிருந்து நாடாளுமன்றத்திற்கு வாக்கு அனுப்பலாம். தோட்டச் சாலையைப் பேணும் மன்றத்திற்கு, அருகிலிருந்தும் வாக்களிக்க இயலாது.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது நிறைந்தோர் அடையாள அட்டை முகவரியின்படி தாமாகவே வாக்காளராகின்றனர். தோட்டத்தை விட்டு நகருக்குப் பெயர்ந்த இளைஞரின் அட்டையில் பழைய முகவரியே இருப்பின், அவர் வாக்கும் தோட்டத்திலேயே தங்கிவிடும். உள்நாட்டில் இடம்பெயர்ந்த சாதாரண வாக்காளர்க்கு அஞ்சல் உறை கிட்டாது. அவர் நேரில் திரும்பவேண்டும், அல்லது முகவரியை மாற்றவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, கடிதம் எழுதப் பயிற்றும் வகுப்பில் இப்படிவத்தையும் ஒருநாள் பயிற்றுவியுங்கள். மாணவச் செல்வங்களே, இன்று இல்லம் சென்றதும் அட்டையிலுள்ள முகவரியைப் பாருங்கள். நம் வாக்கு எவ்வூரில் காத்திருக்கிறது என்பதை நாமே முதலில் அறிதல் வேண்டும்.