பெட்டியில் அடைத்த பகலுணவு

பள்ளி செல்லும் பிள்ளைக்கு உணவு கட்டித் தருவது நெடுங்காலமாக வீட்டாரின் காலைக் கடமையாக இருந்து வந்துள்ளது. அக்கடமையை ஆலை ஏற்றுக்கொண்டால் என்ன நேரும்? அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று இதற்கு விடை பகர்கின்றது.

1980களின் நடுப்பகுதியில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரிலிருந்த ஆஸ்கர் மேயர் இறைச்சி நிறுவனத்தைக் கவலை ஒன்று வாட்டியது. கொழுப்புக்கு அஞ்சிய மக்கள் அதன் பெயர்பெற்ற 'பொலோனி' இறைச்சியை வாங்குவதைக் குறைத்துக்கொண்டனர். விற்பனைக்குப் புதுவழி காணும் பொறுப்பு பாப் டிரேன் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தம் குழுவினர் தாய்மாரை அழைத்துக் கருத்துக் கேட்டனர். காலை நேர நெருக்கடியையே அன்னையர் பெருங்குறையாக எடுத்துரைத்தனர். அக்குறையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1988-இல் 'லஞ்சபிள்ஸ்' என்னும் உணவுப் பெட்டி கடைக்கு வந்தது.

பெட்டிக்குள் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. ரொட்டி மட்டும் இல்லை. கிடங்கிலும் கடையிலுமாக இரண்டு திங்கள் கெடாமல் இருத்தல் வேண்டும். ரொட்டி அதற்குத் தாங்காது. ஆகவே பிஸ்கட் இடம்பெற்றது. பிள்ளையின் உடல்நலத்தைவிடக் கடையின் காலக்கணக்கே உணவை வகுத்தது என்பது இதனால் விளங்கும்.

2023-இல் இப்பெட்டியின் மாற்றியமைக்கப்பட்ட வகைகள் இரண்டு அந்நாட்டுப் பள்ளி உணவுத் திட்டத்திலும் நுழைந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் நுகர்வோர் அமைப்பு தன் ஆய்வை வெளியிட்டது. கடைகளில் விற்கும் இத்தகைய பெட்டிகளில் ஈயமும் கேட்மியமும் இருந்தன. எனினும் அவை நடுவணரசின் வரம்பைத் தாண்டவில்லை. உப்பின் நிலையோ வேறு. கடையில் விற்ற வான்கோழி இறைச்சிப் பெட்டியில் 740 மில்லிகிராம் சோடியம். பள்ளிக்கென அமைத்த பெட்டியிலோ 930 மில்லிகிராம்! புரதத்தைக் கூட்ட இறைச்சியைக் கூட்டினர். உப்பும் உடன் கூடிற்று. எட்டு வயதுக்குட்பட்ட பள்ளிச் சிறார்க்கு நாள் முழுவதற்கும் 1,500 மில்லிகிராமே தக்க வரம்பு என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டு நவம்பரில், போதிய தேவை இல்லையெனக் கூறி, உரிமையாளரான கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனம் பள்ளித் திட்டத்திலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டது.

அன்னையரைக் குறைகூறல் நேர்மையன்று. அவர்தம் நேரமின்மை மெய்யானது. ஆயின், பெரியவர்கள் நலங்கருதி ஒதுக்கிய இறைச்சியே வண்ணப் பெட்டியில் ஏறிச் சிறுவர்தம் கைக்கு வந்து சேர்ந்தது. அட்டையின் முகப்பழகைக் காணும் நாம், அதன் பின்புறத்தில் அச்சிட்ட உப்பின் அளவையும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.