படத்தில் இல்லாத மாடு

சஃபாரின்னா என் வயசுக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஆப்பிரிக்கா இல்லை, சஃபாரி சூட்தான். கல்யாண வீட்டுக்கு வர்ற பேங்க் மேனேஜர், எல்.ஐ.சி. ஆபீசர், மாப்பிள்ளையோட தாய்மாமா எல்லாரும் சாம்பல் கலர்ல நாலு பாக்கெட் வெச்ச அரைக்கைச் சட்டையும் அதே துணியில பேண்டும் போட்டுக்கிட்டு வருவாங்க. அந்தச் சட்டையோட மூதாதை, ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போன வெள்ளைக்காரர்கள் போட்டுக்கிட்ட காக்கி கோட்டு. நம்ம தாய்மாமாக்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் மீசையை முறுக்கியிருப்பாங்க :-)

'சஃபாரி' சுவாஹிலிச் சொல். அரபியில் இருக்கும் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பயணம்னு அர்த்தம், அவ்வளவுதான். பஸ் பிடிச்சு பக்கத்து ஊர்ல அத்தையைப் பார்க்கப் போனாலும் சுவாஹிலியில் அது சஃபாரிதான். அதற்குள் சிங்கத்தையும் துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள்.

கொஞ்ச நாளா இந்த விஷயத்தைத் தோண்டிக்கிட்டு இருக்கேன். ஆரம்பிச்சது ஒரு சாதாரண சந்தேகத்தில். ஆப்பிரிக்கக் காட்டுயிர்ப் படங்கள் எத்தனையோ பார்க்கிறோம். அடிவானம் வரைக்கும் புல், ஒத்தைக் குடைமரம், பின்னாடி சிவப்பா சூரியன், நடுவில் ஒரு சிறுத்தை. அதுல மனுஷன் ஏன் இருக்கறதே இல்லை? அவ்வளவு நல்ல புல்வெளியை யாரும் ஏன் மேய்ச்சலுக்குப் பயன்படுத்தல?

இதற்கு வழக்கமா சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. முதலில் மனிதன் துப்பாக்கியோடு போனான், பிறகு மனம் திருந்தி கேமராவோடு போனான், காடு பிழைத்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா துப்பாக்கியும் கேமராவும் ஒரே பெட்டியில்தான் ஆப்பிரிக்காவுக்கு வந்து இறங்கின.

கார்ல் கேயோர்க் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியரை எடுத்துக்குங்க. இன்னிக்குத் தான்சானியாவா இருக்கும் பகுதியில், மெக்னீசியம் பொடியை வெடிக்கவைத்து ராத்திரியில் சிங்கங்களைப் படம் எடுத்தவர். 1905-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே 'ஃப்ளாஷ் வெளிச்சமும் துப்பாக்கியும்' என்கிற அர்த்தம் தரும். சிங்கம் வரணும்னா என்ன செய்யறது? உயிரோட கழுதையைக் கட்டிப்போட்டார். சிங்கம் பாய்ந்து கயிறு இழுபட்டதும் கேமரா தானாகவே இயங்கும். படம் பிரமாதம். கழுதையின் கதி சொல்லவே வேண்டாம். ஆனா இதே மனுஷன்தான் ஊருக்குத் திரும்பிப் போய் ஆப்பிரிக்க விலங்குகள் அழியுதுன்னு குரல் கொடுத்தார். இரண்டையும் அவர் உண்மையாகத்தான் செய்தார்னு நினைக்கிறேன்.

1909-ல் மொம்பாசாவில் வந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டும் அப்படித்தான். அமெரிக்காவில் காடுகளைக் காப்பாற்றியவர்னு பெயர் வாங்கி, ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கின கையோட ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காகக் கிளம்பி வந்தார். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டது 512 விலங்குகள். அதில் 17 சிங்கம், 11 யானை, 20 காண்டாமிருகம். அந்தப் பயணத்தின் போட்டோகிராபர் யார்னு கேட்டீங்கன்னா, அதே கெர்மிட்தான்! ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் கேமரா. அவங்க சுட்டதில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களும் இருந்தன. அந்த இனத்தின் கடைசி ஆணான 'சூடான்' 2018-ல் கென்யாவில் இறந்தது. அப்போ மிச்சம் இருந்தவை இரண்டே பெண்கள். (இதுக்கு முழுப் பழியையும் ரூஸ்வெல்ட் தலையில் போட முடியாது. பிற்காலத்தில் கொம்புக்காக நடந்த கள்ள வேட்டைதான் முக்கியக் காரணம்.)

1903-ல் லண்டனில் விலங்குப் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதில் முன்னாள் வேட்டைக்காரர்கள் நிறைய இருந்ததால், 'பச்சாதாபப்படும் கசாப்புக்காரர்கள்'னு கிண்டல் பண்ணினாங்களாம். இன்றைக்கும் சுற்றுலாக்காரர்கள் பட்டியல் போட்டு டிக் அடிக்கிற 'பிக் ஃபைவ்' - சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை - அதுவும் வேட்டைக்காரன் போட்ட பட்டியல்தான். நடந்து போய் சுடுவதற்கு ரொம்ப ஆபத்தான ஐந்து. இல்லேன்னா அழகுப் போட்டியில் எருமை எப்படிங்க ஜெயிக்கும்? ஒட்டகச்சிவிங்கி கோவிச்சுக்காதா?

சரி, அந்தக் காலிப் புல்வெளிக்கு வருவோம்.

1887 வாக்கில் எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலிய ராணுவத்துக்காக மாடுகள் இறக்கப்பட்டன. கூடவே ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு நோயும் இறங்கியது. நம்ம ஊர்ல வெக்கை நோய்னு சொல்வாங்களே, அதேதான். அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவைன்னும் சொல்வதுண்டு. ஆப்பிரிக்க மாடுகளுக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. தெற்கே தெற்கே இறங்கி பத்து வருஷத்துக்குள் கண்டத்தின் தென்கோடியைத் தொட்டுவிட்டது. போன வழியெல்லாம் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் காலி. எருமை, வில்டபீஸ்ட் மாதிரி காட்டு விலங்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்களுக்கு மாடுதான் சோறு. பாலும் ரத்தமும் இறைச்சியும் அதிலிருந்துதான். பெண்ணுக்குச் சீர் கொடுப்பதும் மாடுதான். மாடு போனதும் பஞ்சம் வந்தது, பின்னாலேயே பெரியம்மையும் வந்தது. 1890-களின் அந்த ஆண்டுகளை அவர்கள் 'எமுதாய்' என்கிறார்கள். துடைத்தெடுப்பதுன்னு அர்த்தம். 1892-ல் அந்த வழியாகப் போன ஆஸ்திரிய பயணி ஆஸ்கர் பௌமன், எலும்பும் தோலுமாக வந்து சாப்பாட்டுக்குக் கையேந்திய மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மாசாய்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் புதர் மண்டியது. புதரோடு செட்சி ஈ வந்தது, ஈயோடு தூக்க நோயும் வந்தது. தப்பிப் பிழைத்தவர்களும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாதபடி ஆச்சு.

இப்போ வருஷங்களைப் பொருத்திப் பாருங்க. பஞ்சம் 1890-களில். ஷில்லிங்ஸ் கேமராவோடு வந்தது அதுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு. ரூஸ்வெல்ட் 1909-ல். அவங்க பார்த்துட்டு 'மனிதன் கால் படாத ஆதி நிலம்'னு எழுதினது, உண்மையில் ஒரு பெரிய சாவு விழுந்த வீடு. துக்கம் கேட்கப் போகவேண்டிய இடத்தில் ஆளில்லாத வீடுன்னு படம் எடுத்துக்கிட்டு வந்த கதை. தெரிஞ்சே செஞ்ச சதின்னு நான் சொல்லல. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனா அந்தப் படம்தான் பின்னால் வந்த எல்லாப் படங்களுக்கும் அச்சாக நின்றுவிட்டது. 'இயற்கை'ன்னா இப்படி ஆளே இல்லாமத்தான் இருக்கணும்னு ஆயிடுச்சு.

அந்த அச்சு சட்டமாக மாறியது செரங்கெட்டியில். 1951-ல் அது தேசியப் பூங்காவானபோது மாசாய்கள் உள்ளேதான் இருந்தார்கள். 1950-களின் கடைசியில் ஃப்ராங்க்ஃபர்ட் மிருகக்காட்சி சாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிஷிமெக்கும் மகன் மிஷாயெலும் வரிக்குதிரை மாதிரி பெயிண்ட் அடித்த குட்டி விமானத்தில் வந்து, வானத்திலிருந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் ஒரு கழுகு மோதி அந்த விமானம் விழுந்து மிஷாயெல் இறந்தார். வயசு 24. கொரங்கோரோ பள்ளத்தாக்கின் விளிம்பில் அவரைப் புதைத்தார்கள். 1987-ல் இறந்த அப்பாவும் இப்போது பக்கத்திலேயே இருக்கிறார். அவர்கள் எடுத்த 'செரங்கெட்டி சாகக் கூடாது' ஆவணப்படம் 1960-ல் ஆஸ்கர் வாங்கியது.

அந்தப் படத்தை உருகாமல் பார்க்க முடியாதுங்க. மகனைப் பறிகொடுத்த தகப்பனின் குரல் அது. உலகம் முழுக்க ஆப்பிரிக்க விலங்குகளுக்காகப் பணம் திரண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா பூங்காவுக்குள் மனிதர்கள், உள்ளூர்க்காரர்களாகவே இருந்தாலும், வாழக்கூடாது என்பதில் கிஷிமெக் உறுதியாக இருந்தார். 1958-ல் 12 மாசாய் பெரியவர்களிடம் ஒப்பந்தத்தில் ஒப்புதல் வாங்கப்பட்டது. 1959-ல் எல்லை மாற்றி வரையப்பட்டு, செரங்கெட்டியிலிருந்த மாசாய்கள் பக்கத்து கொரங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். 'இனி இங்கே நீங்க இருக்கலாம்' என்பது அப்போது கொடுக்கப்பட்ட வாக்கு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த மொத்தக் கதையிலும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

1960 வாக்கில், நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா என்ற இடத்தில், வால்டர் பிளோரைட் என்ற ஆங்கிலேய கால்நடை மருத்துவர் ரிண்டர்பெஸ்டுக்கு மலிவான, நம்பகமான தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். அந்தக் காலகட்டத்தில் செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை மும்முரமாக நடந்தது. காட்டு விலங்குதான் நோயைத் தேக்கி வைத்துக்கொண்டு மாட்டுக்குக் கொடுக்குதுன்னு அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். மாட்டுக்கு ஊசி போட்டதும் காட்டிலும் நோய் நின்றுபோச்சு! ஒரு வில்டபீஸ்டுக்குக்கூட யாரும் ஊசி போடல.

அதன் பிறகு குட்டிகள் பிழைக்க ஆரம்பித்தன. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் வாக்கில் இருந்த வில்டபீஸ்ட், 1977-ல் 13, 14 லட்சம் ஆனது. (நடுவில் கோடையிலும் நல்ல மழை பெய்ததும் ஒரு காரணம்.) இவ்வளவு வாயும் மேய்ந்ததில் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரங்கள் தலையெடுத்தன. மாரா ஆற்றை லட்சக்கணக்கில் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டம்னு டிவியில் வாயைப் பிளந்து பார்க்கிறோமே, அந்தக் காட்சி இன்றைய அளவுக்கு வந்ததே மாசாய்காரனின் மாட்டுக்குப் போட்ட ஊசியால்தான். அந்த மாடு மட்டும் எந்தப் படத்திலும் வராது. வந்தா 'ஷாட் போச்சு'ன்னு கேமராவைத் திருப்பிக்குவாங்க.

கேமராவால் பயனே இல்லைன்னு நான் சொல்ல வரல. 1977-ல் கென்யா வேட்டையைத் தடை செய்தபோது, படம் எடுக்க வரும் சுற்றுலாக்காரர்களின் காசு கைகொடுத்தது. 1989-ல் அதிபர் டேனியல் அரப் மோய் 12 டன் தந்தத்தைக் கொளுத்திய படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தந்த வியாபாரத்துக்கு சர்வதேசத் தடை வந்ததும் அதே வருஷம்தான். ஒரு படம் எவ்வளவு செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனா 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1977-லிருந்து 2016 வரை கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் பெரிய காட்டு விலங்குகள் சராசரியாக 68% குறைந்துவிட்டன என்கிறது. அதாவது வேட்டைத் தடை வந்த வருஷத்திலிருந்தே! ஜனத்தொகை, வேலி, ஆடு வளர்ப்பின் பெருக்கம், அரசுக் கொள்கைன்னு காரணங்கள் பல. அதே காலத்தில் ஆடுகள் 76% கூடியிருக்க, மாடு 25% குறைந்திருக்கிறது. மேய்ச்சல்காரனும் காட்டு விலங்கும் சேர்ந்தே தோற்றிருக்காங்க.

இதைப் புரிந்துகொண்டு சிலர் வேறு வழியில் போனார்கள். மசாய் மாரா பக்கத்தில், 2000-களின் நடுவிலிருந்து, மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்துச் சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, முறை வைத்து மாடும் மேயும். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றதும் குத்தகைப் பணம் ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரனின் விடுமுறையை நம்பிக் காட்டை வைத்திருப்பதில் உள்ள சிக்கல் அது. ஆனாலும் இதுவரை நான் படித்த ஏற்பாடுகளில் இதுதான் தேவலை.

எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில், 2022 ஜூனில் லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை அளந்து கல் நட அரசு போலீஸை அனுப்பியது. மாசாய்கள் மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலருக்குக் காயம், அம்பு பட்டு ஒரு போலீஸ்காரர் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். விலங்குப் பாதுகாப்புக்காகத்தான் என்பது அரசின் விளக்கம். கொரங்கோரோவிலிருந்தும் மாசாய்களைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றும் வேலை அதே வருஷம் ஆரம்பித்தது. 1959-ல் 'இங்கே இருக்கலாம்'னு சொன்னாங்களே, அதே கொரங்கோரோ.

கடைசியா ஒரு கொசுறு. ரிண்டர்பெஸ்ட் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் இதுதான். அது கடைசியாகத் தென்பட்டது 2001-ல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில். பிடித்திருந்தது மாடுகளை அல்ல, 'பிக் ஃபைவ்' எருமைகளை.