நாடாவும் நாவும்

சம்பந்தரின் குரல் நம்மிடம் இல்லை. ஆயினும் செய்யாற்றங்கரை மாகறலில் அவர் பாடிய பதிகம், சாதாரிப் பண்ணுக்குரியதாய், ஓதுவார் நாவிலிருந்து நாவுக்கு வந்து இன்றும் ஒலிக்கிறது.

அகமதாபாத்தின் கதை இதற்கு நேர்மாறு. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரைக் கொண்டு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் 1972 வரை அதில் இசை செய்தனர். பின்னர் அந்நாடாக்கள் காப்பகத்திலேயே மறக்கப்பட்டுக் கிடந்தன.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். அவை எண்மமாகின, அவ்வொலிகளைச் சேர்த்துப் புதிய ஒலிப்படைப்பொன்றை அவர் உருவாக்கினார். 2023இல் தொகுப்பும் வெளியாயிற்று.

நாடா ஒலியைக் காக்கும், நினைவைக் காக்காது. மீண்டும் ஒலிக்கச் செய்பவரே அதன் ஓதுவார். நம் பழைய குறுந்தகடுகளில் உறங்கும் கூத்தும் தாலாட்டும் அப்படியொருவருக்காகவே காத்திருக்கின்றன.