சதுரங்கப் பலகையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும்

விசுவநாதன் ஆனந்தும் நானும் ஏறக்குறைய ஒரே வயதினர். பாக்குநீரிணைக்கு அப்பால் அவர் காய் நகர்த்தப் பழகிய காலத்தில், இப்பால் யாழ்ப்பாணத்தில் வீட்டு விறாந்தையில் அமர்ந்து என் தகப்பனாரிடம் நானும் பழகினேன். அவர் உலக சம்பியனானார், நான் பத்திரிகையாளனானேன். திறமையில் இருந்த வேறுபாடு வெளிப்படை. ஆயினும், பிள்ளைகள் சதுரங்கம் ஆடக் காணும்போதெல்லாம், திறமை மட்டுந்தானா காரணம் என்ற கேள்வி என்னுள் எழுகின்றது.

ஆனந்தின் முதற் குரு அவருடைய தாயார் சுசீலா. ஆறு வயதில் வீட்டில் தொடங்கிய பயிற்சி விரைவிலேயே வீட்டைக் கடந்தது. சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் 1972 இல் தால் சதுரங்கக் கழகம் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. முன்னாள் உலக சம்பியன் மிக்கைல் தாலின் பெயர் தாங்கிய அக்கழகத்தை முன்னின்று நடத்தியவர், 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன். தம்மிலும் வலிய எதிராளிகளைச் சிறுவர்கள் அங்கே நாள்தோறும் சந்தித்தனர். பின்னர் குடும்பம் மணிலாவில் வாழ்ந்தபோது, தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயார் எழுதி வைப்பார். பள்ளி விட்டு மகன் வந்ததும் இருவரும் கூடித் தீர்ப்பர். 1988 இல் ஆனந்த் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டரானார்.

அதே ஆண்டுகளில் எமது பக்கத்தில் நடந்தவை வேறு. 1981 இல் யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கொளியில், எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நான் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவன் மூன்றே மாதத்தில் என்னை வென்றான். அதற்குமேல் அவனுக்குக் கற்பிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கையில் கொடுக்க ஒரு புத்தகமும் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அப்பிள்ளைகள் திசைக்கொருவராயினர்.

காய்கள் நகரும் விதத்தை ஒரு மாலைப்பொழுதிற் கற்பித்துவிடலாம். பயிற்சி அதன் பின்னரே தொடங்குகின்றது. ஆடிய ஆட்டத்தைப் பிள்ளை எழுதிவைக்க வேண்டும். தோற்ற ஆட்டத்தை மறுநாள் பலகையில் மீண்டும் வைத்து, எங்கே பிழைத்தோம் என்று தானே தேட வேண்டும். சில காய்களே எஞ்சும் இறுதியாட்டத்தை முதலிற் கற்பதே நன்று என்றார் கபபிளாங்கா. இவற்றுக்கெல்லாம் அருகில் அமர்ந்து கேள்வி கேட்க ஒருவர் வேண்டும்.

2024 டிசெம்பரில், 18 வயதில் உலக சம்பியனான குகேஷ், ஆனந்தின் வழிகாட்டலில் வளர்ந்தவர். ஆரோனின் கழகத்தில் ஏற்றிய விளக்கு அரை நூற்றாண்டு கடந்தும் கைமாறுகின்றது.

இன்று இணையத்தில் எதிராளிக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு உதவ விரும்பும் புலம்பெயர்ந்த அன்பர்கள் ஆண்டுக்கொரு போட்டியும் வெற்றிக்கிண்ணமும் போதுமென எண்ணிவிடலாகாது. கிராமத்து வாசிகசாலை ஒன்றில் பத்துப் பலகைகளும், சில நூல்களும், வாரத்தில் மூன்று மாலைகள் தவறாது வரும் ஓர் ஆசிரியரும் போதும். என்னை வென்ற அந்தச் சிறுவனுக்கு அன்று கிடைக்காதவை இவையே.